துட்டன்காமுனின் இரும்புக் குத்துவாள்: எங்கே செய்தது? எதற்குச் செய்தது?

பழைய ஆயுதம் ஒன்று கிடைத்தால் எல்லோரும் முதலில் கேட்பது "இது யாருடையது?" என்றுதான். எங்கே செய்தது, எதற்குச் செய்தது என்ற கேள்விகள் அதைவிடக் கஷ்டமானவை. துட்டன்காமுனின் குத்துவாள் இதற்கு அருமையான உதாரணம்.

ஹோவர்ட் கார்ட்டர் 1922-ல் இந்த எகிப்திய மன்னனின் கல்லறையைக் கண்டுபிடித்தார். 1925-ல் மம்மியின் துணிச்சுற்றுகளைப் பிரித்தபோது இரண்டு குத்துவாள்கள் கிடைத்தன. ஒன்றின் அலகு தங்கம். வலது தொடை மேல் இருந்த மற்றதன் அலகு இரும்பு! தங்கக் கைப்பிடி, அதன் முனையில் படிகக் குமிழ், தங்க உறை. மொத்த நீளம் சுமார் 34 செ.மீ.

மன்னன் இறந்தது கி.மு. 1320-களில். அப்போது எகிப்தில் வெண்கலக் காலம். தாதுவை உருக்கி இரும்பு எடுக்கும் தொழில் அங்கே வேரூன்றவில்லை. அப்படியானால் இரும்பு எங்கிருந்து வந்தது?

வானத்திலிருந்து! 2016-ல் இத்தாலிய, எகிப்திய ஆய்வாளர்கள் எக்ஸ்-கதிர் மூலம் அலகைச் சுரண்டாமலே சோதித்தார்கள். நிக்கல் கிட்டத்தட்ட 11 சதவீதம், கோபால்ட் சுமார் 0.6 சதவீதம். தாதுவிலிருந்து எடுத்த பழங்கால இரும்பில் நிக்கல் இவ்வளவு இருக்காது. விண்கல்லில்தான் இருக்கும்.

சரி, விண்கல் இரும்பு. அதைக் கத்தியாக அடித்தது யார்? 2022-ல் வெளியான ஜப்பானிய ஆய்வு இரண்டு விஷயங்களைச் சொன்னது. விண்கல்லுக்கே உரிய குறுக்குக் கோடுகள் அலகில் இன்னும் அழியாமல் இருக்கின்றன. ஆகவே 950 டிகிரிக்குக் குறைவான சூட்டில்தான் அடித்திருக்க வேண்டும். அடுத்து, கைப்பிடி அலங்காரத்தை ஒட்டப் பயன்பட்டது சுண்ணாம்புச் சாந்து என்று தெரிகிறது. எகிப்தில் அக்காலத்தில் ஜிப்சம்தான் வழக்கம். சுண்ணாம்பு பல நூற்றாண்டுகள் கழித்தே பரவியது.

இங்கேதான் காமர்ஸ் மாணவனான எனக்குச் சுவாரஸ்யம் கூடியது. 1887-ல் கிடைத்த அமர்னா களிமண் கடிதங்களில் ஒன்று அச்சு அசல் சரக்குப் பட்டியல் மாதிரியே இருக்கிறது. மித்தானி நாட்டு அரசர் துஷ்ரத்தா, தன் மகளை மூன்றாம் அமென்ஹோதெப்புக்கு மணமுடித்தபோது அனுப்பிய சீர்வரிசை அது. அதில் இரும்பு அலகும் தங்க வேலைப்பாடும் கொண்ட குத்துவாள் வருகிறது. அமென்ஹோதெப், துட்டன்காமுனுக்குத் தாத்தாவாகக் கருதப்படுபவர்.

அந்தப் பட்டியலில் உள்ளதும் இதுவும் ஒன்றேதான் என்பதற்கு நேரடிச் சான்று கிடையாது. ஆனால் சுண்ணாம்பும் கடிதமும் ஒரே திசையைக் காட்டுகின்றன: வெளிநாட்டில் செய்து, பரிசாக வந்து, குடும்பச் சொத்தாகக் கைமாறியிருக்கலாம்.

எதற்குச் செய்தார்கள் என்பதற்கும் இதிலேயே விடை இருக்கிறது. மித்தானி அரசர் எகிப்திடம் திரும்பத் திரும்பக் கேட்டது தங்கம். எகிப்தில் தங்கம் தாராளம், இரும்போ அபூர்வம். இல்லாத பொருளுக்குத்தானே மதிப்பு? ஆகவே இது குத்துவதற்குச் செய்த கத்தியாகத் தெரியவில்லை. இரண்டு அரசுகளின் உறவுக்குச் சாட்சியாக வந்த கத்தி என்றே நான் நினைக்கிறேன்.

எகிப்தில் கிடைத்ததெல்லாம் எகிப்தில் செய்ததாகிவிடாது. எந்த மியூசியத்துக்குப் போனாலும் இதை நினைவில் வைத்துக்கொள்ளலாம்.