சுண்டெலியும் வான்கொள்ளையரும்

பிறர் படைத்த பாத்திரங்களை எடுத்து, வயதுவந்தோருக்கான கணினி விளையாட்டுகளாக்கி விற்கும் ரசிகர்கள் வழக்கமாக முன்வைக்கும் வாதம் ஒன்றுண்டு: இது பகடி, ஆகவே குற்றமன்று. இவ்வாதம் புதியதன்று. அத்தகைய விளையாட்டுகளுக்கு முன்பே, காகிதத்தில் அச்சான ஒரு சித்திரக்கதையை முன்னிட்டு அமெரிக்க நீதிமன்றங்கள் இதை எடைபோட்டுவிட்டன. அவ்வரலாற்றை நாம் ஒருமுறை திரும்பிப் பார்ப்பது நன்று.

டான் ஓ'நீல் சான்பிரான்சிஸ்கோ நகரின் 'குரோனிக்கிள்' நாளிதழில் 'ஆட் பாட்கின்ஸ்' என்ற சித்திரத்தொடரை வரைந்தவர். அத்தொடரின் பதிப்புரிமையோ நாளிதழிடம் இருந்தது. தன் படைப்பே தனக்குரியதாக இல்லாத அந்த ஓவியர், 1971இல் நண்பர்களைச் சேர்த்துக்கொண்டு 'ஏர் பைரேட்ஸ் ஃபன்னீஸ்' என்னும் இதழை வெளியிட்டார். வான்கொள்ளையர் என்ற அப்பெயரும் பழைய மிக்கி மவுஸ் கதையொன்றின் வில்லன்களிடமிருந்து எடுத்ததுதான். அதில் மிக்கியும் மின்னியும் போதைப்பொருளும் காமமும் கலந்த வாழ்வை வாழ்ந்தனர். உருவமும் பெயரும் டிஸ்னியுடையவை. ஒழுக்கம் மட்டும் வேறு. அமெரிக்கக் குழந்தைப்பருவத்தின் மீது டிஸ்னி பூசிய கபடமற்ற வெண்மையைக் கலைப்பதே தம் நோக்கம் என்றனர் ஓவியர்கள். இதழ் இரண்டு முறையே வந்தது. அவ்வாண்டு அக்டோபரில் டிஸ்னி வழக்குத் தொடுத்தது.

ஒரு பாத்திரத்துக்குப் பதிப்புரிமை உண்டா? இக்கேள்விக்கு இலக்கிய உலகிலிருந்தே முன்னுதாரணம் ஒன்று இருந்தது. டாஷியல் ஹாமெட் தம் 'மால்டீஸ் ஃபால்கன்' நாவலின் திரைப்பட, வானொலி உரிமைகளை வார்னர் நிறுவனத்துக்கு விற்றிருந்தார். அதன் துப்பறிவாளர் சாம் ஸ்பேடை அவரே மீண்டும் எழுதலாமா என்ற வழக்கில், எழுதலாம் என்று 1954இல் ஒன்பதாம் சுற்று மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கதையை நகர்த்தும் காய் மட்டுமே ஆன பாத்திரம் கதையோடு சேர்ந்து விலைபோவதில்லை என்பது அதன் சாரம்.

வான்கொள்ளையர் இத்தீர்ப்பைப் பற்றிக்கொண்டனர். அதே நீதிமன்றம் 1978இல் அவர்களுக்கு எதிராக ஒரு வேறுபாட்டைக் காட்டியது. சொற்களால் ஆன பாத்திரம் வாசகனின் மனத்தில் உருக்கொள்வது. அதன் எல்லையை வரைவது கடினம். கோடுகளால் ஆன பாத்திரத்துக்கோ கண்ணெதிரே உருவம் இருக்கிறது. அதைப் பார்த்து வரைவது படியெடுத்தலே. எனவே மிக்கிக்குக் காப்புரிமை உண்டு.

பகடி என்ற வாதத்தை நீதிமன்றம் அடியோடு மறுக்கவில்லை என்பது கவனிக்கத்தக்கது. மூலத்தை நினைவூட்டத் தேவையான அளவு பகடியாளர் எடுத்துக்கொள்ளலாம். ஆனால் மிக்கியோ உலகறிந்த சுண்டெலி. அவனை நினைவூட்டச் சிறிதே போதும். இவர்கள் தேவைக்கு மேல், ஏறத்தாழ அப்படியே எடுத்துவிட்டனர் என்பதே தோல்விக்குக் காரணம். ஒரு பாத்திரம் எவ்வளவு புகழ்பெற்றதோ, அந்த அளவுக்கு அதிலிருந்து எடுக்கும் உரிமை சுருங்குகிறது என்ற முரணை நாம் இங்கே காண்கிறோம்.

உச்சநீதிமன்றம் 1979இல் வழக்கை ஏற்க மறுத்தது. ஓ'நீல் அடங்கவில்லை, தடையை மீறி அவ்வாண்டே மீண்டும் மிக்கியை வரைந்து வெளியிட்டார். முடிவில் 1980இல் உடன்பாடு ஏற்பட்டது. இனி வரைவதில்லை என்ற வாக்குக்கு ஈடாக, ஏறத்தாழ 1,90,000 டாலர் இழப்பீட்டை டிஸ்னி வற்புறுத்தாமல் விட்டது. ஓர் ஓவியனின் கையை நிறுத்த ஒன்பதாண்டுகள் தேவைப்பட்டன.

பின்னர் 1994இல், '2 லைவ் க்ரூ' என்ற இசைக்குழுவின் வழக்கில், விற்பனைக்கானது என்பதாலேயே பகடி முறையற்றதாகிவிடாது என்று உச்சநீதிமன்றம் கூறியது. இது கதவைச் சற்றுத் திறந்தது. ஆயினும் விளையாட்டு செய்வோர் இதில் மயங்கலாகாது. பகடி மூலத்தை நோக்கி ஏதேனும் சொல்ல வேண்டும். விரும்பிய உருவத்தை வேறொரு படுக்கையறையில் கொண்டுபோய் நிறுத்துவது மட்டும் விமர்சனமாகிவிடாது. பெயரை மாற்றினாலும் உருவம் அதுவே எனில் பயனில்லை; 'ரசிகர் படைப்பு' என்ற அறிவிப்பும் கேடயமன்று.

'ஸ்டீம்போட் வில்லி' படத்தில் தோன்றிய 1928ஆம் ஆண்டு மிக்கி, 2024 ஜனவரி 1 அன்று அமெரிக்காவில் பொதுவுடைமையானான். பிற்கால உருவங்களும் வணிகக்குறியும் அப்போதும் டிஸ்னியிடமே இருந்தன. முதல்நூலுக்கு வழிநூல் தோன்றுவது இலக்கியத்தின் இயல்பு என்று பயின்றவர்கள் நாம். அவ்வியல்புக்குச் சட்டம் விதித்த காத்திருப்பு 95 ஆண்டுகள். டிஸ்னியின் சட்டம் ஓ'நீலை வென்றது உண்மை. ஆனால் தன் சொந்தத் தொடரின் உரிமையே தன்னிடம் இல்லாத ஓவியனுக்கு அதே சட்டம் என்ன கொடுத்தது என்ற கேள்விக்கு, அத்தீர்ப்பில் விடை இல்லை.