தோட்டத்து ஆஸ்பத்திரி யாருக்குப் பொறுப்பு?

காய்ச்சலென்று லயத்திலே சுருண்டு கிடக்கும் ஒருவர் நோயாளிதானா என்பதைத் தீர்மானிப்பவர் யார்? வைத்தியர் என்றே எவரும் விடை சொல்வர். பசறையும் ஹப்புத்தளையும் அடங்கிய ஊவாத் தோட்டங்களின் வரலாறு வேறு விடை சொல்கிறது.

தென்னிந்தியாவிலிருந்து மன்னார் வழியாகக் காட்டுப்பாதையிலே நடந்து வந்த தொழிலாளரைப் பசியும் கொள்ளைநோயும் வழியிலேயே பலிகொண்டன. கோப்பித் தோட்டங்களிலும் மரணம் மலிந்தது. 1872இல் மருத்துவத் தேவைகள் கட்டளைச் சட்டம் பிறந்தது. 1912இல் விரிவாகத் திருத்தப்பட்டது. லயங்களைச் சுகாதாரமாக வைத்திருத்தல், நோயுற்றோரை அறிந்து உடனடி நிவாரணம் அளித்தல், கடும் நோயெனில் வைத்திய அதிகாரியை அழைத்தல், பிள்ளை பெற்றவளுக்கு ஒரு மாதம் உணவும் உறைவிடமும் கொடுத்தல் ஆகியவை தோட்டத்துரையின் கடமைகளாயின.

விதிகள் நல்லவையே. ஆனால் அவற்றை நிறைவேற்றும் கை எது? பெரட்டுக்களத்திலே ஆட்களை எண்ணி மலைக்கு அனுப்பிய அதே கை! ஒருவர் படுத்தால் ஒருநாள் வேலை நட்டம். அந்த நட்டத்தைக் கணக்கிட்டவரே நோயின் கடுமையையும் முதலில் அளந்தார். மருந்து கொடுத்தவரும் தோட்டத்திலே சம்பளம் வாங்கியவர்தாம். இரக்கமுள்ள துரைமார் சிலர் இருந்திருக்கலாம். ஆயினும், ஓர் உயிரின் பாதுகாப்பு இன்னொருவரின் இரக்கத்தை நம்பியிருத்தல் தகுமா?

1924இல் புகைவண்டி பதுளையை எட்டியது. தேயிலை விரைந்து கொழும்பு சென்றது. நோயாளியோ பிற்காலத்திலும் கொழுந்து லொறிக்காகக் காத்துக் கிடந்தார். 1948இன் குடியுரிமைச் சட்டமும், 1949இன் தேர்தல் சட்டத் திருத்தமும் மலையகத் தமிழரிற் பெரும்பாலோரின் வாக்கைப் பறித்தன. வாக்கில்லாதவன் ஆஸ்பத்திரியைப் பற்றி எந்த மன்றத்திலே கேள்வி கேட்பான்?

1972, 1975ஆம் ஆண்டுகளின் நிலச் சீர்திருத்தங்களால் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் அவற்றின் நிர்வாகம் கம்பெனிகளிடம் சென்றது. தோட்ட ஆஸ்பத்திரிகளை அரசு படிப்படியாக ஏற்கத் தொடங்கியது. அப்பணி இன்னும் நிறைவெய்தவில்லை. 1987இல் தமிழும் ஆட்சிமொழியாயிற்று. எனினும், தமக்குப் புரியாத மொழியில் எழுதிய மருந்துச்சீட்டோடு வீடு திரும்பும் தாய்மார் இன்றும் உளர்.

கட்டிடமும் கட்டிலும் வேண்டும், மறுப்பதற்கில்லை. அவற்றோடு, வைத்தியர் தோட்ட நிர்வாகத்துக்கன்றி நோயாளிக்கே பொறுப்புடையவராதல் வேண்டும். கொடுத்த மருந்து யாது, நேர்ந்த பிழை யாது என்று தம் மொழியிலே கேட்டு, விடை பெறும் உரிமை நோயாளிக்கு வேண்டும். ஆசிரியர்களாகிய நாம் இந்த வரலாற்றை மாணவர்க்குச் சொல்வோம். அவர்களுட் பலர் அந்த லயங்களுக்குத்தான் மாலையிலே திரும்புகிறார்கள்.