கத்திக்கு முன்னால் பார்க்க வேண்டிய டாக்டர்

1847 ஜனவரியில் எடின்பரோவில் ஜேம்ஸ் சிம்சன் பிரசவ வலிக்கு ஈதர் கொடுத்தார். வலி போனது, ஆபத்து போகவில்லை. நியூயார்க் டாக்டர் கர்டிஸ் மெண்டல்சன் 44,016 பிரசவங்களின் குறிப்புகளை அலசி, 1946-ல் வெளியிட்டார். மயக்கத்தில் இருந்தபோது 66 பேருக்கு வயிற்றில் இருந்தது நுரையீரலுக்குள் போயிருந்தது. அதில் இருவர், சாப்பிட்ட உணவே மூச்சுக்குழாயை அடைத்து இறந்து போனார்கள்! மயக்க டாக்டர் முன்கூட்டியே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்விகள் இப்படித்தான் சேர்ந்தன.

தமிழ்நாட்டின் சின்ன ஊர்களில் சிக்கலே வேறு. கேட்க ஆள் வேண்டுமே! ஆள் பற்றாக்குறையால் 2000-களில் எம்.பி.பி.எஸ். டாக்டர்களுக்கு 18 வார மயக்க மருந்துப் பயிற்சி வந்தது. தனியார் நிபுணர்களையும் அரசு மருத்துவமனைகளுக்குக் கூப்பிட்டார்கள். ஆனால் அவசரத்துக்குக் கூப்பிட்டால், அவர் வரும்போது கர்ப்பிணி ஏற்கெனவே மேஜையில் படுத்திருப்பார்.

ராஜபாளையம் பக்கத்துச் சத்திரப்பட்டி பேண்டேஜ் துணிக்குப் பேர் போன ஊர். துணியை வாங்கி அடுக்கி வைக்கலாம், இதயப் பரிசோதனையை அப்படி வைக்க முடியாது. ராஜபாளையத்திலோ ஸ்ரீவில்லிபுத்தூரிலோ ஒரு கர்ப்பிணிக்கு இதய வால்வில் பழுது, முதுகெலும்பில் வளைவு, கடும் ரத்தசோகை என்று எட்டாம் மாதமே தெரிந்தால், பகலில் நிதானமாக மதுரை ராஜாஜி மருத்துவமனைக்கு அனுப்பலாம். நடுராத்திரியில் தெரிந்தால், இடையில் சுமார் 80 கிலோமீட்டர்.