கேட்ஸ்ஹெட் கார் நிறுத்தகம் இடிபட்ட கதை

டைன் நதிக்கு வடகரையில் நியூகாஸில், தென்கரையில் கேட்ஸ்ஹெட். நம் பக்கத்தில் ஆற்றுக்கு அக்கரைக்காரன் என்றால் கொஞ்சம் மட்டம் என்று ஒரு நினைப்பு இருக்குமே, அது அங்கேயும் உண்டு. நியூகாஸில் கரையில் நின்று தெற்கே பார்த்தால், 1928-ல் திறந்த டைன் பாலத்துக்கு அப்பால் மேட்டின் மேல் அடுக்கடுக்காக ஒரு சாம்பல் நிறக் கட்டடம் தெரியும். 1967 முதல் 2010 வரை தெரிந்தது. மாதா கோவிலும் இல்லை, மாளிகையும் இல்லை. கார் நிறுத்தும் இடம். ட்ரினிட்டி ஸ்கொயர் கார் பார்க் என்பது அதன் பெயர். ஆனால் ஊரில் நான் பேசிய எல்லோரும் "கெட் கார்ட்டர் கார் பார்க்" என்றுதான் சொன்னார்கள்.

"கெட் கார்ட்டர்" 1971-ல் வந்த படம். மைக் ஹாட்ஜஸ் இயக்கம். மைக்கேல் கெய்ன் நாயகன் என்று சொல்லலாம், வில்லன் என்றும் சொல்லலாம். சகோதரன் செத்ததற்குக் காரணம் தேடி லண்டனிலிருந்து சொந்த ஊருக்கு வரும் ரவுடியின் கதை. அதில் ப்ரம்பி என்ற உள்ளூர்ப் பணக்காரனை இந்தக் கட்டடத்தின் உச்சியிலிருந்து கீழே தள்ளிவிடுகிறான். தன் கட்டடத்தின் மேல்மாடியில் உணவகம் திறக்கப் போவதாக ப்ரம்பிக்குத் திட்டம். அதற்காக வந்திருந்த இரண்டு கட்டடக் கலைஞர்கள், ஆள் விழுந்ததும், நம் கட்டணம் இனி வராது போலிருக்கிறதே என்று கவலைப்படுவார்கள். நிஜத்திலும் அந்தக் கட்டடத்தின் உச்சியில் உணவகத்துக்கென்று ஓர் இடம் கட்டினார்கள். அதை எடுத்து நடத்த யாரும் வரவில்லை. ஒரு நாள்கூட அங்கே யாரும் காப்பி குடிக்கவில்லை. சினிமாக்காரர்கள் கேலியாகச் சொன்னது அப்படியே பலித்துவிட்டது.

கட்டியது ஓவன் லூடர் என்பவரின் நிறுவனம். வடிவமைப்பு அங்கே வேலை செய்த ராட்னி கோர்டனுடையது. இதே இருவர் சேர்ந்து போர்ட்ஸ்மத் நகரில் ட்ரைகார்ன் சென்டர் என்று ஒன்றைக் கட்டினார்கள். அது 1966-ல் திறந்தது. கீழே கடைகள், மேலே மொத்த வியாபார மார்க்கெட், அதற்கு லாரி ஏறிப்போகச் சுற்றுப்பாதை, குடியிருப்பு, கார் நிறுத்தம் எல்லாம் ஒரே கான்கிரீட்டில். முதலில் பரிசு கொடுத்தார்கள். பிறகு நாட்டிலேயே அசிங்கமான கட்டடங்களில் ஒன்று என்றார்கள். அன்று இளவரசராக இருந்த சார்லஸ் அதைப் பூஞ்சை பிடித்த யானை லத்திக்கு ஒப்பிட்டார். யானையை நன்றாகத் தெரிந்த நமக்கு அந்த உவமை அவ்வளவு பொருத்தமாகப் படாது. 2004-ல் அதை இடித்தார்கள்.

இந்த வகைக் கட்டடங்களுக்கு "ப்ரூட்டலிசம்" என்று பெயர். ஆங்கிலம் வழியாகப் படித்தவர்களுக்கு இதில் முரட்டுத்தனம்தான் கேட்கும். என் போல பிரெஞ்சு வழியில் படித்தவனுக்கு வேறு ஒன்று கேட்கிறது. "பெத்தோன் ப்ருத்" என்பது பிரெஞ்சில் பூச்சு பூசாத, பச்சையான கான்கிரீட். லெ கொர்புசியே மார்செய் நகரில் 1952-ல் முடித்த பெரிய குடியிருப்பில் சென்ட்ரிங் பலகையைப் பிரித்த பிறகு அந்தப் பலகையின் ரேகை கான்கிரீட்டில் தெரிந்தது. சிமெண்டு பூசி மறைக்காமல் அப்படியே விட்டார். ப்ருத் என்றால் கொடூரம் அல்ல, கைபடாதது. பிரெஞ்சுக்காரன் சம்பளச் சீட்டில் பிடித்தம் போகுமுன் உள்ள மொத்தத் தொகைக்கும் ப்ருத் என்றே பெயர். வாழ்நாள் முழுதும் சம்பளப் பட்டியல் எழுதியவனுக்கு இதில் ஒரு நெருக்கம் வருவது இயற்கைதானே.

நான் 2010-ல் ஓய்வு பெற்றேன். நியூகாஸிலில் வேலை பார்த்த மகள் எங்களிருவரையும் ஜூலையில் வரவழைத்தாள். அந்த மாதக் கடைசியில் இடிப்பு வேலை தொடங்கியது. வேறு வேலை இல்லாததால் மெட்ரோவில் ஒரு நிலையம் இரண்டு நிலையம் போய்க் கேட்ஸ்ஹெட்டில் இறங்கி, மருமகன் கொடுத்த சின்ன டிஜிட்டல் கேமராவால் படம் எடுக்க ஆரம்பித்தேன். இரண்டு நாளைக்கு ஒரு தடவை, கூடுமான வரை ஒரே இடத்தில் நின்று.

"அப்பா, தாஜ்மகாலையா இடிக்கறாங்க? கார் நிறுத்துற இடத்துக்குப் போய் இத்தனை படமா?" என்றாள் மகள்.

"தாஜ்மகாலை எடுக்கத்தான் ஊர்ப்பட்ட பேர் இருக்காங்களேம்மா" என்றேன்.

சுற்றிலும் கடைவீதி என்பதால் வெடி வைத்து ஒரே நொடியில் சரிக்கவில்லை. நீண்ட கை வைத்த இயந்திரங்களின் நுனியில் இருந்த இடுக்கி, நண்டு கவ்வுவது போலக் கவ்விக் கவ்விக் கான்கிரீட்டை நொறுக்கியது. தூசு பறக்காமலிருக்கத் தண்ணீர் பீய்ச்சிக்கொண்டே இருந்தார்கள். நம் ஊரில் இந்த மாதிரி இயந்திரம் எதைப் பார்த்தாலும் பொக்லைன் என்போம். பொக்லேன் என்பது பாரிசுக்கு வடக்கே, லெ ப்ளெஸ்ஸி பெல்வில் என்ற ஊரில் இருந்த பிரெஞ்சுக் கம்பெனி. பிரான்சுக்காரனே மறந்துகொண்டிருக்கும் பெயரைச் செங்கல்பட்டு கிராமத்துப் பிள்ளைகள் சரளமாகச் சொல்கிறார்கள். அங்கே வேலி ஓரம் நின்றுகொண்டு எனக்கு ஞாபகம் வந்தது இதுதான்.

ஒவ்வொரு அடுக்காகத் திறந்தபோது உள்ளே இருந்தது தெரிந்தது. வெட்டிய தளங்களின் விளிம்பில் கம்பிகள் முடி மாதிரித் தொங்கின. கான்கிரீட் சும்மா கெடுவதில்லை. காற்றிலுள்ள கரியமில வாயு வருஷக்கணக்கில் மெல்ல உள்ளே இறங்கும். புதுக் கான்கிரீட்டின் காரத்தன்மைதான் கம்பியைத் துருவிலிருந்து காக்கிறது; அது போய்விட்டால், ஈரமும் சேர்ந்து கம்பி துருப்பிடிக்கும். துருப்பிடித்த கம்பி பருக்கும். பருத்தால் மேலே மூடியிருக்கும் கான்கிரீட் வெடித்துப் பெயரும். கடற்கரை ஊரான எங்கள் புதுச்சேரியில் உப்புக்காற்றும் சேர்ந்து இதை இன்னும் சீக்கிரம் முடித்துவிடும். பூசாமல் விட்ட கட்டடத்துக்குப் பூசிய கட்டடத்தைவிட அதிகக் கவனிப்பு வேண்டும். "பச்சையாக விட்டது" என்பதை "பார்க்காமல் விடலாம்" என்று எடுத்துக்கொண்டார்கள் என்பது என் எண்ணம். அதற்காக அது அழகு என்று நான் வாதாட வரவில்லை. மழை நாளில் அது அழுகிற மாதிரி இருக்கும். ஆனால் ஒரு தடவை பார்த்தவன் மறக்கமாட்டான்.

இடிப்பதற்கு முன் படம் எடுத்து வைப்பது என் யோசனை அல்ல. ஊஸ்மான் பாரிசின் பழைய சந்துகளை உடைத்து அகலச் சாலைகள் போட்டபோது, உடைபடப் போகிற தெருக்களை எடுத்து வைக்கும்படி ஷார்ல் மார்வில் என்ற புகைப்படக்காரரை நகராட்சியே அமர்த்தியது. 1860-களில் அப்படி நானூறுக்கும் மேற்பட்ட தெருப்படங்களை எடுத்தார். ஈரம் மினுங்கும் கல்பாவிய தெரு, நடுவில் சாக்கடை, ஆள் நடமாட்டமே இல்லை. பிற்பாடு ஓப்பரா சாலைக்காக வீடுகளை உடைத்தபோது அந்த உடைப்பையும் எடுத்தார். உடைக்கிற அதிகாரமே தான் உடைப்பதைப் பதிவு செய்தது என்பதில் ஒரு நேர்மை இருக்கிறது.

நான் வேலை பார்த்த இலாகாவில் அந்த வழக்கம் இல்லை. ஒரு பழைய அரசுக் கட்டடத்தைக் கண்டம் செய்ய வேண்டுமானால் அதற்கு ஒரு படிவம். கட்டிய வருஷம், நீளம், அகலம், சுவரின் கனம், தேக்கு உத்திரம் எத்தனை, கதவு ஜன்னல் எத்தனை, ஏலம் போனால் என்ன கிடைக்கும், எல்லாவற்றுக்கும் கட்டம் உண்டு. படத்துக்குக் கட்டம் கிடையாது. பிரெஞ்சுக்காரர் காலத்துக் கட்டடம் ஒன்று: உயரமான தூண்கள், மெட்ராஸ் டெரஸ் கூரை, நடுவில் முற்றம். அதன் கோப்பு 1980-களில் என் மேஜை வழியாகத்தான் போனது. உத்திரங்களின் நீளம் இன்றைக்கும் எனக்கு மனப்பாடம். ஆனால் அது எப்படி இருந்தது என்று பேத்தி கேட்டால் காட்டுவதற்கு ஒன்றும் இல்லை. கையை அகலமாக விரித்து "இவ்வளவு பெரிய தாழ்வாரம்" என்றுதான் சொல்ல முடிகிறது. கேட்ஸ்ஹெட்டில் நின்று எடுத்த இருநூற்றுச் சொச்சம் படங்களுக்கு வேறு காரணம் சொல்லத் தெரியவில்லை.

வேலி ஓரம் என்னைப் போலவே தினமும் நாலைந்து பேர் நின்றார்கள். அதில் ஒருவர், 1970-ல் படப்பிடிப்பு நடந்தபோது பத்து வயதுப் பையனாம். மைக்கேல் கெய்னைப் பார்க்கக் காத்திருந்ததாகவும், அம்மா அடித்து இழுத்துப் போனதாகவும் சொன்னார். "அசிங்கம்தான், ஆனால் எங்கள் அசிங்கம்" என்றார். பக்கத்தில் டீ விற்ற அம்மாள் அதை ஒப்புக்கொள்ளவில்லை. குழந்தை வண்டியோடு அந்தப் படிக்கட்டில் ஏறிப் பார்த்தால் தெரியும், போகட்டும் சனியன் என்று சொல்லிவிட்டு, என்னிடம் "சர்க்கரை போடவா, பெட்?" என்றார். அந்தப் பக்கத்தில் யாரையும் அப்படித்தான் செல்லமாகக் கூப்பிடுகிறார்கள். அறுபது வயதில் என்னை ஒருத்தி செல்லம் என்றதை என் மனைவி ஊர் திரும்பிய பிறகும் ஒரு மாதம் சொல்லிச் சிரித்தாள்.

நொறுங்கிய கான்கிரீட் துண்டுகளைச் சிறு தகர டப்பாவில் அடைத்து, ஞாபகப் பொருளாக ஐந்து பவுனுக்கு விற்றது கேட்ஸ்ஹெட் நகராட்சி. நான் வாங்கவில்லை. நம் ஊரில் ஒரு யூனிட் ஜல்லி என்ன விலை என்று தெரிந்தவனால் அதற்கு ஐந்து பவுன் கொடுக்க மனம் வராது. அக்டோபரில் எல்லாம் முடிந்தது.

அந்த இடத்தில் டெஸ்கோ பேரங்காடியும், கடைகளும், மாணவர் விடுதிகளும் வந்து 2013-ல் திறந்தன. மறு வருஷமே, பிரிட்டனின் மிக மோசமான புதுக் கட்டடத்துக்குக் கொடுக்கும் கார்பங்கிள் கோப்பைக்கான இறுதிப் பட்டியலில் அது இடம்பெற்றது. கோப்பை லண்டன் வுல்விச்சில் உள்ள இன்னொரு டெஸ்கோ கட்டடத்துக்குப் போனது. ட்ரைகார்ன் இருந்த நிலத்தில் பெரிய திட்டங்கள் பேசினார்கள். கடைசியில் அங்கே வந்தது, திறந்த வெளியில் கோடு போட்ட கார் நிறுத்தம்.

இதே காலத்தில் ப்ரெஸ்டன் என்ற ஊரில், மேலே கார் நிறுத்தத்தோடு 1969-ல் கட்டிய பேருந்து நிலையத்தையும் இடிக்க முடிவாகியிருந்தது. ஊர்க்காரர்கள் விடாமல் மனுப் போட்டார்கள். 2013-ல் பாதுகாக்கப்பட்ட கட்டடங்கள் பட்டியலில் சேர்ந்து அது பிழைத்துக்கொண்டது. நம் தில்லியில் 1972-ல் ராஜ் ரேவால் வடிவமைத்து, மகேந்திர ராஜ் கணக்குப் போட்டுக் கொடுத்த ஹால் ஆஃப் நேஷன்ஸ் பிழைக்கவில்லை. 2017 ஏப்ரலில் ஒரே இரவில் இடித்தார்கள். எங்கள் ஊரில் ஆசிரமத்தின் கோல்கொண்டா விடுதி இருக்கிறது. ஆந்தோனின் ரேமண்ட் வடிவமைத்து, 1937-ல் வேலை தொடங்கிய, பூச்சில்லாத கான்கிரீட் கட்டடம். சுவருக்குப் பதில் காற்று வர நீளநீளமான பலகைகள். கடலுக்கு அவ்வளவு பக்கத்தில் இருந்தும் நன்றாக இருக்கிறது. அங்கே துடைக்கவும் பழுது பார்க்கவும் தினமும் ஆள் இருக்கிறது.

ராட்னி கோர்டன் 2008-லேயே இறந்துவிட்டதால் கேட்ஸ்ஹெட்டின் முடிவைப் பார்க்கவில்லை. ஓவன் லூடர் 2021 வரை இருந்து இரண்டையும் பார்த்துவிட்டுப் போனார். அவர் நிறுவனம் கேட்ஸ்ஹெட் பக்கத்திலேயே டன்ஸ்டனில் கட்டிய 29 மாடிக் குடியிருப்பு ஒன்றும் இருந்தது. ஊரார் அதை ராக்கெட் என்பார்கள். மகள் வீட்டிலிருந்து காரில் போகும்போது இரண்டு மூன்று தடவை தூரத்தில் பார்த்தேன். 2012-ல் அதையும் எடுத்துவிட்டார்கள்.