காங்கேசன்துறை புகையிரத நிலையம்

இலங்கை வடக்குப் புகையிரதப் பாதையின் கடைசி நிலையம். நாட்டின் வடகோடி நிலையமும் இதுவே. கூப்பிடு தூரத்தில் கடல். துறைமுகமும், 1893இல் கட்டப்பட்ட வெளிச்சவீடும், சீமெந்துத் தொழிற்சாலையும் சுற்றுவட்டாரத்திலேயே இருந்ததால் ஊரின் நடமாட்டம் நெடுங்காலம் இந்நிலையத்தையே மையமாகக் கொண்டிருந்தது.

பாதை முடியும் இடமென்று அறியப்பட்டாலும், யாழ்ப்பாணக் குடாநாட்டின் றெயில் தொடங்கியது இங்கிருந்துதான். தெற்கே பொல்காவலையிலிருந்து வந்த பாதை குருநாகலுடன் நின்றிருந்த காலத்தில், 1902 மார்ச் 11 அன்று காங்கேசன்துறைக்கும் சாவகச்சேரிக்கும் இடையே வண்டி ஓடத் தொடங்கிவிட்டது. இரு முனைகளும் வன்னிக் காட்டினூடாக இணைந்து கொழும்புக்கு முழுப்பாதை திறக்கப்பட்டது 1905 ஓகஸ்ட் 1 அன்று. மூன்றாண்டுக்கு மேல், கொழும்போடு தொடர்பில்லாத தனி இருப்புப்பாதை ஒன்று யாழ்ப்பாணத்துக்குள்ளேயே இயங்கியிருக்கிறது.

தண்டவாளம் இங்கு முடிவதே நிலையத்தின் அமைப்பையும் தீர்மானித்தது. வந்த வண்டி மேலே போக வழியில்லை. எஞ்சினைக் கழற்றி மறுமுனையில் பூட்ட வேண்டும், பெட்டிகளை நிறுத்திவைக்க வேண்டும். அதனால் வழியிலுள்ள மாவிட்டபுரம், மல்லாகம் போன்ற சிறு நிலையங்களுக்குத் தேவைப்படாத கிளைத்தடங்கள் இங்கு அவசியமாயின. 1950இல் தொடங்கிய சீமெந்து ஆலை சரக்குப் போக்குவரத்தைப் பெருக்கியது. சுண்ணாம்புக்கல் உள்ளூரிலேயே கிடைத்தது. களிமண் மன்னார்ப் பக்கத்து முருங்கனிலிருந்து வந்தது. 1956 ஏப்ரல் 23 அன்று 'யாழ்தேவி' கடுகதி வண்டி கொழும்புக் கோட்டையிலிருந்து இங்கு ஓடத் தொடங்கியதும், தெற்கில் உத்தியோகம் பார்த்தவர்களின் வீடு திரும்பும் வழி அதுவாயிற்று. கொக்குவில், கோண்டாவில், இணுவில், சுன்னாகம் என்று ஊர் ஊராக ஆட்களை இறக்கிவிட்டு வண்டி இங்கே வந்து ஓயும்.

1990 ஜூன் நடுப்பகுதியில் உள்நாட்டுப் போர் மீண்டும் மூண்டபோது சேவை நின்றது. காங்கேசன்துறை அடங்கிய வலிகாமம் வடக்குப் பகுதி மக்கள் இடம்பெயர்ந்தனர். நிலையம் இராணுவத்தின் உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் அகப்பட்டுச் சிதைந்தது. குடாநாட்டுப் பாதையில் தண்டவாளங்கள் பெயர்க்கப்பட்டன. சிலிப்பர் கட்டைகள் காவலரண்களுக்கும் பதுங்குகுழிகளுக்கும் போயின. கட்டடத்தின் இழப்பைவிடப் பெரியது, அதைப் பயன்படுத்திய ஊர் முழுவதும் கலைந்துபோனது. இடம்பெயர்ந்தோர் முகாம்களில் பிறந்து வளர்ந்த ஒரு தலைமுறைக்கு இந்நிலையம் பெற்றோர் சொல்லக் கேட்ட இடம் மட்டுமே.

போர் முடிந்த பின்னர், பளையிலிருந்து காங்கேசன்துறை வரையான சுமார் 56 கிலோமீற்றர் பாதையை இந்தியக் கடனுதவியுடன் இர்கான் நிறுவனம் மீளமைத்தது. யாழ்ப்பாணம் வரை 2014 ஒக்ரோபர் 13 அன்றும், காங்கேசன்துறை வரை 2015 ஜனவரி 2 அன்றும் வண்டி வந்தது. நிலையம் புதிதாக எழுந்தது. ஆனால் அப்போது சுற்றியிருந்த காணிகளில் பெரும்பகுதி இராணுவத்திடமே இருந்தது. வண்டி வந்துவிட்டது, ஏற வேண்டிய அயலவர் வரவில்லை. காணிகள் துண்டுதுண்டாகவே விடுவிக்கப்பட்டன. பக்கத்து மயிலிட்டித் துறைமுகம் 2017 ஜூலையில்தான் மக்களிடம் திரும்பியது. நிலையத்தின் மீள்திறப்பைப் போரின் முடிவுக்கு அடையாளமாகக் காட்டும் எழுத்துகள் இந்த இடைவெளியையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

2023 ஒக்ரோபர் 14 அன்று நாகப்பட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் இடையே பயணிகள் கப்பல் சேவை தொடங்கியது. சில நாட்களில் நின்ற அச்சேவை 2024 ஓகஸ்டில் மறுபடி தொடங்கியது. கப்பலில் வந்து இறங்குவோர் கொழும்பு நோக்கி றெயிலேறக்கூடிய முதல் நிலையமும் இதுதான்.