காவல் நாய்க்குக் காவல் யார்?

திருவண்ணாமலை மாவட்டத்து எடுத்தனூரில் பல்லவர் கால நடுகல் ஒன்று உண்டு. முதலாம் மகேந்திரவர்மனின் 34-ஆம் ஆட்சியாண்டில் நாட்டப்பட்ட கல் அது. எருமை மந்தைக்காக நடந்த பூசலில் உயிர்நீத்த கருந்தேவகத்தி என்னும் வீரனின் உருவத்தோடு, அவனுடைய நாயின் உருவமும் அதில் செதுக்கப்பட்டுள்ளது. கோவிவன் என்னும் பெயருடைய அந்த நாய், கள்வர் இருவரைக் கடித்துக் காவல் நின்றது என்று கல்வெட்டு கூறுகிறது. ஏறத்தாழ ஆயிரத்து நானூறு ஆண்டுகளுக்கு முன்பே ஒரு நாயின் பெயரைக் கல்லில் பொறித்து நன்றி செலுத்தியவர்கள் நம் முன்னோர்.

போடிநாயக்கனூர் வட்டாரத்து மக்களுக்கு இச்செய்தி பெரிதும் வியப்பளிக்காது. போடிக்குத் தெற்கே, மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் உள்ள கோம்பை, ஒரு நாயினத்துக்கே தன் பெயரை வழங்கிய ஊர். செம்பழுப்பு உடலும் கரிய முகவாயும் கொண்ட கோம்பை நாய், பன்றி வேட்டைக்கும் வீட்டுக் காவலுக்கும் பெயர் பெற்றது. போடிமெட்டைக் கடந்து பூப்பாறை, சாந்தன்பாறை, உடும்பன்சோலை என விரியும் ஏலத்தோட்டங்களிலும் தொழிலாளர் வாழும் லயங்களின் வாசலில் நாய் படுத்திருக்கக் காணலாம். இரவில் காட்டுப்பன்றி வந்தாலும், காய் உலர்த்தும் ஸ்டோர் பக்கம் அந்நியர் வந்தாலும், முதலில் குரல் கொடுப்பது அதுவே.

நம்மைக் காக்கும் அவ்வுயிரை நாம் எவ்வாறு காத்து வந்திருக்கிறோம்? வெறிநாய்க்கடியின் வரலாறு இக்கேள்விக்கு விடை தருகிறது. அது நமக்குப் பெருமை தரும் விடை அன்று.

நோயின் காரணம் அறியப்படாத காலத்தில், கடிபட்டவர்க்கு இறைவேண்டலும் சூடும் தவிர வேறு புகலிடம் இல்லை. பெல்ஜிய நாட்டு ஆர்டென் பகுதியில் உள்ள புனித ஹூபர்ட்டின் திருத்தலத்தை நோக்கி மக்கள் திரள் திரளாகச் சென்றனர். அவர் பெயரால் வழங்கிய இரும்புத் ‘திறவுகோலை’க் காய்ச்சிக் காயத்தில் இடும் வழக்கம் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கம் வரை நீடித்தது. நம் ஊர்களிலோ மந்திரித்தலும், காயத்தில் மிளகாய், சுண்ணாம்பு ஆகியவற்றை அப்புதலும் வழக்கமாயின.

1885 ஜூலை 6 அன்று பாரிஸ் நகரில் லூயி பாஸ்டர், ஜோசப் மைஸ்டர் என்ற 9 வயதுச் சிறுவனுக்குத் தம் தடுப்பு மருந்தை முதன்முதலாகச் செலுத்தச் செய்தார். சிறுவன் பிழைத்தான். இவ்வரலாற்றைப் பள்ளிப் பருவத்திலேயே நாம் படித்திருக்கிறோம். ஆனால் சிறுவனைக் கடித்தது தெருவில் திரிந்த நாய் அன்று; அண்டை ஊர் மளிகைக் கடைக்காரர் ஒருவர் வளர்த்த நாய் என்பதை நம்மில் பலர் அறியோம். அந்நாய் தன் உரிமையாளரையும் கடித்தது. அவரும் சிறுவனோடும் அவன் தாயோடும் பாரிசுக்குப் பயணமானார்.

இந்தியாவில் முதல் பாஸ்டர் நிலையம் 1900-இல் இமயச் சாரலில் உள்ள கசௌலியில் தொடங்கப்பட்டது. தென்னாட்டில் கடிபட்டவர் அத்தனை தொலைவு செல்வது அரிது. 1902-இல் லில்லி பேக்கன்ஹாம் வால்ஷ் என்ற ஆங்கிலேய இளம்பெண் இந்நோயால் இறந்தபோது, தெற்கிலும் அத்தகைய நிலையம் வேண்டும் என்ற கோரிக்கை வலுத்தது. அமெரிக்கச் செல்வர் ஹென்றி ஃபிப்ஸ், வைசிராய் கர்சன் பிரபுவிடம் அளித்த நன்கொடையின் ஒரு பகுதியைக் கொண்டு 1907-இல் குன்னூரில் பாஸ்டர் நிலையம் உருவாயிற்று.

அன்று ஏலமலையில் ஒருவர் கடிபட்டால் என்ன நேர்ந்திருக்கும் என எண்ணிப் பாருங்கள். போடிக்கு இரயில் வந்ததே 1928-இல்தான். அதற்கு முன் மலைப்பாதையில் நடந்து இறங்கி, மாட்டு வண்டியில் அம்மையநாயக்கனூர் போன்றதொரு நிலையத்தை அடைந்து, அங்கிருந்து மேட்டுப்பாளையம் சென்று, மலை இரயிலில் குன்னூருக்கு ஏற வேண்டும். அந்நோயின் அறிகுறிகள் பெரும்பாலும் ஒன்று முதல் மூன்று மாதங்களுக்குள் தோன்றும். தோன்றிய பின் பிழைத்தவர் மிக அரியர். ஆகவே ஒவ்வொரு நாள் தாமதமும் உயிரோடு விளையாடுவதாகும்.

1911-இல் டேவிட் செம்பிள் ஆட்டு மூளையிலிருந்து உருவாக்கிய மருந்து, ஊர் மருத்துவமனைகளுக்கும் அனுப்பத்தக்கதாய் இருந்தது. தொப்புளைச் சுற்றிப் போடப்பட்ட 14 ஊசிகளை மூத்தோர் மறந்திருக்கமாட்டார்கள். சிலருக்கு நரம்புத் தளர்ச்சியையும் உண்டாக்கிய அம்மருந்தின் உற்பத்தி, 2004-ஆம் ஆண்டின் இறுதியில் நம் நாட்டில் கைவிடப்பட்டது. இன்று கையில் போடும் ஊசிகள் சிலவே போதும். அவை அரசு மருத்துவமனைகளில் கட்டணமின்றிக் கிடைக்கின்றன. கடித்தவுடன் காயத்தைச் சோப்பும் நீரும் கொண்டு 15 நிமிடம் கழுவிவிட்டு, காலந்தாழ்த்தாமல் அங்கே செல்வதே கடமை.

இவ்வளவும் கடிபட்டவரைக் காத்த வரலாறு. நாயைக் காக்கும் வரலாறும் தனியே உண்டு. 1921-இல் உமேனோ, தோய் என்னும் ஜப்பானிய அறிஞர்கள் நாய்களுக்குரிய தடுப்பூசியைப் பற்றி எழுதினர். நாய்களைப் பதிவு செய்வதையும் ஆண்டுதோறும் ஊசி போடுவதையும் 1950-இல் ஜப்பான் சட்டமாக்கியது. ஏழே ஆண்டுகளில் அந்நோய் அந்நாட்டைவிட்டு அகன்றது. நம் கோவாவிலும் நாய்களுக்குப் பெருமளவில் ஊசி போட்டதன் பயனாக, அவற்றிடையே இந்நோய் 92 விழுக்காடு குறைந்ததாக 2022-இல் வெளியான ஆய்வு காட்டுகிறது. ஒரு பகுதியின் நாய்களில் 70 விழுக்காட்டுக்கு ஊசி போட்டால் நோய்த்தொடர் அறுந்துவிடும் என்பது உலக நலவாழ்வு நிறுவனத்தின் கணிப்பு. எனினும், உலகில் ஆண்டுதோறும் ஏறத்தாழ 59,000 பேர் இந்நோயால் இறப்பதாக மதிப்பிடப்படுகிறது. மனிதருக்கு வரும் இந்நோயில் 99 விழுக்காடு நாய்களின் வழியாகவே வருகிறது.

எனவே கடமை நம் வாசலுக்கே வந்து நிற்கிறது. குட்டிக்கு மூன்று மாதம் நிறைந்ததும் முதல் ஊசி, அடுத்த மாதம் மீண்டும் ஒன்று, பின்னர் ஆண்டுதோறும் ஒன்று. கால்நடை மருத்துவர் கூறும் முறைப்படி குடற்புழு நீக்க மருந்து கொடுப்பதும், உண்ணிகளை அகற்றுவதும் வேண்டும். மழைக்காலத் தோட்டங்களில் அட்டைகள் நாயின் விரலிடுக்கில் மட்டுமன்றி மூக்கினுள்ளும் புகுந்து இரத்தம் உறிஞ்சும். நாய் ஓயாது தும்மினாலோ மூக்கில் குருதி கசிந்தாலோ மருத்துவரிடம் காட்ட வேண்டும். வளர்க்க இயலாத குட்டிகள் பிறந்து தெருவில் விடப்படுவதைக் கருத்தடை அறுவை தடுக்கும். யாவற்றிற்கும் மேலாக, காய் பறிப்பு முடிந்து சமவெளிக்கு இறங்கும்போது, பருவமெல்லாம் காவல் காத்த நாயை லயத்து வாசலில் அநாதையாக விட்டுவிடலாகாது. பசியோடு அலையும் அந்நாயே அடுத்த பருவத்தில் ஏதேனும் ஒரு குழந்தையைக் கடிக்கும் நாயாகக் கூடும்.

கோவிவனுக்குக் கல் நட்டு நன்றி கூறினர் அக்காலத்தவர். நம் வாசலில் படுத்திருக்கும் நாய் நம்மிடம் கல்லைக் கேட்கவில்லை. அதற்கு அடுத்த ஊசி என்று போட வேண்டும் என்பதை, வீட்டுச் சுவரில் தொங்கும் நாட்காட்டியில் இன்றே குறித்து வைப்போம்.