கொடியேற்றமும் மனச்சான்றும்



கல்முனைக்குடிக் கடற்கரையில், ஆண்டுதோறும் ஜமாதுல் ஆகிர் மாதம் பிறந்ததும் ஒரு கொடி ஏறுகின்றது. நாகூரில் அடங்கியுள்ள சாகுல் ஹமீது ஆண்டகையின் நினைவாக எழுந்த கடற்கரைப் பள்ளிவாசலில் நிகழும் விழா அது. பன்னிரண்டு நாட்கள் மௌலித் ஓதப்படும். பக்கீர்மார் றாத்தீப் நிகழ்த்துவர். இறுதியில் கந்தூரிச் சோறு ஆக்கி, வந்தோர்க்கெல்லாம் நார்சா வழங்குவர். ஊரார் இக்கொடியேற்றங்களை ஆண்டாண்டாக எண்ணி வருகின்றனர்; அந்தக் கணக்கு அண்மைக் காலத்தில் இருநூறைத் தொட்டுவிட்டது.

இவ்விழாவில் ஒரு முஸ்லிம் கலந்துகொள்ளலாமா, ஆகாதா என்னும் கேள்வியே இன்றைய பேச்சின் பொருள். இதனை நான் வலிந்து தேடி எடுத்துக்கொள்ளவில்லை. எனது பாடசாலையில் பயிலும் இரு மாணவர் இதனை என் அலுவலகத்துக்குக் கொண்டுவந்தனர். இருவரும் ஒன்றுவிட்ட சகோதரர். ஒரே வாங்கில் அமர்ந்து படித்தவர்கள். ஒருவன் வீட்டார் கொடிக்குச் சென்றார்கள். மற்றவன் வீட்டார் அது இணைவைத்தல் என்று விலகினார்கள். ஒரு வீட்டிலிருந்து சென்ற நார்சாச் சோறு மறுவீட்டு வாயிலிலிருந்து திரும்பி வந்தது. அன்று தொட்டு அப்பிள்ளைகள் தம்முள் பேசுவதில்லை. “யார் சொல்வது சரி, சேர்?” என்று என்னைக் கேட்டார்கள். நான் மௌலவி அல்லேன். வரலாறு கற்பிக்கும் ஆசிரியன். ஆகவே வரலாற்றின் வழியே இக்கேள்வியை அணுகுதல் எனக்குப் பொருந்தும்.

முதலில் ஆண்டகையைப் பற்றிச் சில சொற்கள். அன்னார் பதினாறாம் நூற்றாண்டினர். வட இந்தியாவில் மாணிக்கப்பூரில் பிறந்தவர். குவாலியரில் வாழ்ந்த முகம்மது கௌஸ் என்னும் ஞானியிடம் பயின்றவர். இறுதியில் சோழமண்டலக் கரையில் நாகூரில் தங்கி, அங்கேயே அடக்கமானார். போர்த்துக்கேயர் கடலை ஆண்ட காலம் அது. மரக்கலமேறி வணிகஞ் செய்த முஸ்லிம்களுக்கும் வலை வீசிய மீனவருக்கும் கடல் வாழ்வாகவும் இருந்தது, சாவாகவும் இருந்தது. ஓட்டை விழுந்த கப்பலொன்றை, தம் கையிலிருந்த கண்ணாடியை எறிந்து அடைத்துக் காத்தார் ஆண்டகை என்னும் கதை இவ்வச்சத்தின் நடுவே பிறந்ததாகும். அவர் புகழ் கடல்வழியே பரவியது. தமிழ் முஸ்லிம்கள் சென்று குடியேறிய பினாங்கிலும் சிங்கப்பூரிலும் பத்தொன்பதாம் நூற்றாண்டிலே நாகூர் நினைவிடங்கள் எழுந்தன. கல்முனைக்குடியிலும் அவ்வாறே. இங்கே ஆண்டகையின் உடல் இல்லை. இருப்பது நினைவு மட்டுமே.

கொடி என்னும் வழக்கமும் ஆராயத்தக்கது. நாகையின் கடற்கரையில் சில மைல் இடைவெளிக்குள் மூன்று சமயத்தாரும் விழாத் தொடக்கத்திற்குக் கொடி ஏற்றுகின்றனர். சைவ, வைணவக் கோயில்களின் பெருவிழா கொடியேற்றத்தோடு தொடங்கும். வேளாங்கண்ணி மாதா திருவிழாவுக்கு ஆகஸ்டு 29இல் கொடி ஏறும். நாகூர்க் கந்தூரிக்கும் கொடியே முதல். நாகூரின் ஐந்து மனோராக்களுள் 131 அடி உயரமான பெரிய மனோராவைக் கட்டுவித்தவர் தஞ்சையை 1739 முதல் 1763 வரை ஆண்ட பிரதாபசிங் மன்னர், அவர் இந்து. ஆகவே கொடி எந்தவொரு சமயத்துக்கும் தனியுரிமையானதன்று. அது தமிழ்க் கரையோரத்தின் பொது அறிவிப்பு மொழி. ‘விழா தொடங்கிவிட்டது, வாருங்கள்’ என்பதே அதன் பொருள்.

இனி, மறுப்போர் கூறும் நியாயத்தையும் நேர்மையோடு கேட்டல் வேண்டும். அவர்கள் கூற்று அற்பமானதன்று. இறைவன் ஒருவனே வேண்டுதலுக்குரியவன் என்பது இஸ்லாத்தின் அடித்தளம். அடக்கத்தலத்தின் முன் நின்று, அங்கே அடங்கியவரிடம் பிள்ளை கேட்பதும் நோய் தீரக் கேட்பதும் அவ்வடித்தளத்தை அசைக்கும் என்பது அவர்கள் அச்சம். இவ்வச்சம் நேற்றுத் தோன்றியதும் அன்று. 1328இல் தமஸ்குச் சிறையில் மறைந்த இப்னு தைமிய்யா, அடக்கத்தலங்களை நாடிப் பயணம் போவதைக் கண்டித்து எழுதியதன் பொருட்டே சிறைப்பட்டார். பதினெட்டாம் நூற்றாண்டில் அரபு நாட்டிலே முகம்மது இப்னு அப்துல் வஹாப் அக்கருத்தை இயக்கமாக்கினார். மறுபுறத்தில், 1505இல் மறைந்த எகிப்திய அறிஞர் சுயூத்தி, நபிகளாரின் பிறப்பைக் கொண்டாடும் மௌலித் நல்ல புதுமையே என்று தனி நூல் இயற்றினார். அடக்கத்தலங்களுக்குச் செல்வதை முதலில் விலக்கிய நபிகளார், மறுமையை நினைவூட்டும் என்பதால் பின்னர் அதற்கு இசைவளித்தார் என்பதையும் இரு சாராரும் ஒப்புக்கொள்வர். சென்றபின் என்ன செய்யலாம் என்பதிலேயே வேறுபாடு.

எங்கள் கரையில் இவ்விவாதம் வலுப்பெற்றது கடந்த ஐம்பது ஆண்டுகளுக்குள்ளேயே. 1970களின் பிற்பகுதி முதல் நம்மவர் வளைகுடா நாடுகளுக்குத் தொழில் தேடிப் போயினர். அங்குள்ள வழிபாட்டு முறைகளைக் கண்டு திரும்பினர். 1980களின் பின் தமிழ்நாட்டிலிருந்து தவ்ஹீது இயக்கத்தாரின் உரைகள் ஒலிநாடாக்களிலும் ஏடுகளிலும் வந்து சேர்ந்தன. குர்ஆனைத் தமிழில் தாமே படித்தறியும் தலைமுறையும் எழுந்தது. இம்மாற்றத்தை வெறும் இறக்குமதி என்று தள்ளிவிடல் ஆகாது. கேள்வி கேட்கும் கல்வியை நாமே அன்றோ பிள்ளைகளுக்கு ஊட்டினோம்?

இத்தகைய கேள்வி நமக்கு மட்டும் உரியதும் அன்று. மேனாடுகளில் அக்டோபர் 31ஆம் இரவில் ஹாலோவீன் என்றொரு விழா உண்டு. பிள்ளைகள் பேய் வேடம் புனைந்து, வீடு வீடாகச் சென்று இனிப்புக் கேட்பர். கிறிஸ்தவர் இதில் கலந்துகொள்ளலாமா என்று அங்கே ஆண்டுதோறும் வாதம் நிகழ்கின்றது. அப்பெயரின் பொருளோ, சகல பரிசுத்தவான்கள் திருநாளின் முன்னிரவு என்பதே. எட்டாம் நூற்றாண்டில் மூன்றாம் கிரகோரியார் என்னும் பாப்பரசர் ரோமையில் அனைத்துப் புனிதர்க்கும் ஒரு சிற்றாலயம் அர்ப்பணித்தார். ஒன்பதாம் நூற்றாண்டில் நவம்பர் முதல் நாள் அத்திருநாளாக மேற்கு ஐரோப்பாவில் நிலைபெற்றது. அதே பருவத்தில் அயர்லாந்து மக்கள் சம்ஹெயின் என்னும் பழைய பருவ விழாவையும் கொண்டாடினர். 1845இல் தொடங்கிய உருளைக்கிழங்குப் பஞ்சத்தால் பெருந்தொகை ஐரிஷ் மக்கள் அமெரிக்கா சென்றபோது அவ்வழக்கங்களும் கப்பலேறின. ஒரு சாரார் அதன் வேரைக் கண்டு அஞ்சுகின்றனர். மறு சாரார் அதன் இன்றைய வடிவைக் கண்டு அது சிறுவர் விளையாட்டே என்கின்றனர். நாகூர்ப் புகழைக் கடல் கொண்டுவந்தது போலவே, ஹாலோவீனையும் கடலே கொண்டுபோயிற்று என்பதை நோக்குக.

தமிழ் மண்ணிலும் இதற்கு முன்மாதிரி உண்டு. 1606இல் மதுரைக்கு வந்த இராபர்ட் தெ நோபிலி என்னும் இயேசு சபைத் துறவி, கிறிஸ்தவராகும் பிராமணர் பூணூலும் குடுமியும் சந்தனமும் விடவேண்டியதில்லை என்றார். அவை குலவழக்கங்களே, வழிபாடு அல்ல என்பது அவர் வாதம். உடன் உழைத்த துறவியரே அவரைக் குறைகூறினர். 1623இல் பாப்பரசர் பதினைந்தாம் கிரகோரியார், மூடநம்பிக்கை கலவாத அளவில் அவற்றுக்கு இசைவளித்தார். 1704இல் புதுச்சேரிக்கு வந்த பாப்பரசரின் தூதர் தூர்னோன் பல வழக்கங்களைத் தடுத்தார். 1744இல் அத்தடை மேலும் உறுதியானது. இங்கு வரும் குருமார் அதனைக் காப்பதாக ஆணையிட வேண்டியிருந்தது. 1940இலேயே அவ்வாணை நீங்கியது. ஒரு நூற்றாண்டு இசைந்ததை மறு நூற்றாண்டு தடுத்தது; பின்வந்த நூற்றாண்டு தடையைத் தளர்த்தியது. இன்றோ, தைப்பொங்கல் அன்று தேவாலயத்தில் நன்றித் திருப்பலி நிகழ்வதைக் கண்டு எவரும் வியப்பதில்லை.

இவ்வரலாறுகளிலிருந்து நாம் கற்பது யாது? ஒரு வழக்கத்தை எடைபோடுங்கால், அது எங்கிருந்து வந்தது என்பது மட்டும் போதாது. இன்று செய்பவன் நெஞ்சில் அது என்ன பொருள் தருகின்றது என்பதையும் காணல் வேண்டும். நினைவு வேறு, வணக்கம் வேறு. விருந்து வேறு, வேண்டுதல் வேறு. இவற்றிடையே கோடு எங்கே விழுகின்றது என்பதை அவரவர் மனச்சான்றே அறியும். எனினும், கோடே இல்லை என்று நடிப்பதும் பிழை. விரும்பாதவனைக் கொடிக்கு இழுத்துச் செல்வதும், கொடிக்குச் சென்றவனைச் சமயத்துக்குப் புறம்பானவன் என்று கூறுவதும் ஒரே தவற்றின் இரு முகங்கள்.

என் நிலையையும் மறைக்காது சொல்லிவிடுகின்றேன். சிறுபிராயத்தில் என் உம்மும்மா என்னைக் கைப்பிடித்துக் கடற்கரைக்கு அழைத்துச் சென்றார். கடலுக்குப் போன மகன் திரும்பவேண்டுமென்று நேர்ந்துகொண்ட சிறு பச்சைக் கொடி அவர் கையில் இருந்தது. அந்த முதுமகள் இறைவனுக்கு இணைவைத்தார் என்று எண்ண என் நெஞ்சு ஒப்பவில்லை. அவருக்கு வேறு மொழி தெரியவில்லை என்றே எண்ணுகின்றேன். எனினும், அவர் கேட்டது போல நான் அங்கே கேட்பதில்லை. என் வேண்டுதல் தொழுகை விரிப்பில் முடிந்துவிடுகின்றது. ஆயினும் கொடியேறும் நாளில் கடற்கரைக்குப் போகின்றேன், மௌலித் கேட்கின்றேன், நார்சா வாங்கி உண்கின்றேன். இந்து அயலாரும் அங்கே வந்து நிற்பதைக் காண்கையில், 1961இல் அம்பாறை மாவட்டம் பிறப்பதற்கு நெடுங்காலம் முன்பே இக்கரை ஒரு கூட்டு வாழ்வு கண்டிருந்தது என்பது எனக்கு நினைவுவரும். போகாத என் இளைய சகோதரனையும் நான் குறைகூறுவதில்லை. அவனுடைய அச்சம் இறைவன்பால் உள்ள அச்சம்.

2004 டிசம்பர் 26ஆம் நாள் இதே கடல் எழுந்து வந்தது. கல்முனைக்குடி, சாய்ந்தமருது, மருதமுனைக் கரைகளில் வீடுகளும் உயிர்களும் அள்ளுண்டு போயின. அன்று எடுத்து அடக்கிய உடல்களுள் கொடிக்குச் சென்றவர் யார், செல்லாதவர் யார் என்று நாம் பிரித்துப் பார்க்கவில்லை. எல்லார்க்கும் ஒரே ஜனாஸாத் தொழுகையே நடந்தது.

அந்த இரு மாணவருக்கும் நான் தீர்ப்புச் சொல்லவில்லை. இவ்வரலாற்றையே சொன்னேன். பின், “சோற்றை மறுக்க உனக்கு உரிமை உண்டு, சலாத்தை மறுக்க உரிமை இல்லை” என்று ஒருவனிடம் கூறினேன். “கொடிக்குப் போக உனக்கு உரிமை உண்டு, போகாதவனை ஏளனஞ் செய்ய உரிமை இல்லை” என்று மற்றவனிடம் கூறினேன். அவர்கள் அன்றே சமாதானமாகிவிட்டனர் என்று சொன்னால் அது பொய்யாகும். ஆனால் அடுத்த வாரம், மீண்டும் ஒரே வாங்கில் அமர்ந்திருந்தனர். நடுவில் ஒரு புத்தகப்பை இருந்தது. அப்பையை அகற்றும் பொறுப்பை நான் அவர்களிடமே விட்டிருக்கின்றேன்.

நேயர்களே, உங்கள் ஊரிலும் இத்தகைய கொடியொன்று இருக்கக்கூடும். அது வேறு பெயரில், வேறு சமயத்தில் இருக்கலாம். அதன் கீழ் நிற்பதா, விலகுவதா என்பதை நீங்களே தேர்ந்துகொள்ளுங்கள். எங்கே நின்றாலும் அயலானுக்கு முகமன் கூற மறவாதீர்கள்.